சுண்டுவிரல் காட்டாதவர்கள்

மலேசியாவின் பெக்கான் நானாஸில் அன்னாசியெல்லாம் பழுத்துக் கிடந்தது; தோட்டப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரே காய். தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் மகள் டொரத்தி சுண்டுவிரலைக் காட்டி வெள்ளையம்மாவிடம் காய் விட்டாள். உடனே மற்ற ஐந்து பெண்களும் வெள்ளையம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது நாளாயிற்று.

"நாளையிலேருந்து பழம் வெட்டப் போறேன் டீச்சர். பள்ளிக்கூடம் வேணாம்" என்றாள் வெள்ளையம்மா.

பியாட்ரிஸ் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டொரத்தியை அதட்டினால் அவள் மவுசுதான் ஏறும். பேரம் படியாத கடையில் முதலாளியை விட்டு ஓரத்தில் நிற்கும் கடைப்பையனைப் பிடிப்பதுபோல், அந்த ஐவரில் ஒருத்தியான புஷ்பவள்ளியைத் தனியே அழைத்தாள்.

"நீ வெள்ளையம்மாகிட்ட விரல் காட்டினியா?"

"இல்ல டீச்சர், டொரத்திதான் காட்டினா."

"அவ விட்ட காய் உனக்குச் செல்லுமாடி?"

புஷ்பவள்ளி யோசித்தாள். "செல்லாது டீச்சர். அவங்கவங்க விரலாலதான் விடணும்."

"அப்புறம் நீ ஏன் பேசல?"

"அய்யோ, அலமாக்! எனக்குத் தோணவே இல்ல!"

அவள் வெளியே ஓடினாள். டீச்சர் மேசைக்கும் வாசலுக்குமாய் நடந்தாள்.

"ஏய் வெள்ளையம்மா! நாங்க காயே விடலடி! நாளைக்கு வா, அஞ்சாங்கல் ஆடலாம்!" என்று வெளியே புஷ்பவள்ளி கத்தினாள்.

மற்ற நால்வரும் தங்கள் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் வெள்ளையம்மா வந்தாள். ஆறு பேர் கல்லாட உட்கார்ந்தார்கள். டொரத்தி தூணோரம் தனியே நின்றாள். அப்போதுதான் உட்கார்ந்த டீச்சர் மறுபடி எழுந்தாள்.