ரோஸ்கோ வாங்கிய ரிவால்வர்

ரோஸ்கோவின் பழைய ரிவால்வர் போன செப்டம்பரில் ஆற்றோடு போயிற்று. படகு பாறையில் இடித்துச் சாய்ந்தது. நாங்கள் இருவரும் கரையேறினோம், துப்பாக்கி ஏறவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அதை அவனுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அடுத்ததையும் நான்தான் பார்த்துக் கொடுப்பேன் என்று இருந்தேன். அவன் என்னைக் கேட்கவில்லை.

சேதி சொன்னவள் துப்பாக்கிக் கடை லொரெய்ன்.

"உன் ஆளு நேத்து வந்திருந்தான் ஹார்லன். கூட ஒரு புது மாப்பிள்ளை."

"யாரு?"

"கெல்வின்தான். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டுப் பார்த்து ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க. உன்கிட்ட சொல்லலையா? அடப் பாவமே."

கெல்வின் அரிசோனாவில் நீச்சல் குளம் கட்டி விற்றவன். அலாஸ்காவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எந்தக் குண்டு எத்தனை எடை, எத்தனை வேகம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பான். எட்டாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஒப்பிக்கும்போது மட்டும் காது கேளாதவனிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்வான். அவனை எனக்கு முதல் நாளே ஆகவில்லை.

நேரே ரோஸ்கோ வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அது கிடந்தது. பழையதைப் போலவே பெரிய குண்டு சுடும் நாற்பத்துநாலு மேக்னம்தான், ஆனால் குட்டைக் குழல். கையில் எடுத்தால் காலி காப்பிக் கோப்பை கனம்கூட இல்லை.

"இது என்னடா, விளையாட்டுச் சாமானா?"

"கெல்வின் சொன்னான். கனமா இருந்தா ஆளு கூடாரத்துல கழட்டி வச்சிருவானாம். கூடாரத்துல கிடக்குற துப்பாக்கி கரடியைச் சுடாதுன்னான்."

அது சரியான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சுட்டா மணிக்கட்டு கழண்டு போகும்."

"சுடுறது ஒரு தடவை, ரெண்டு தடவை. சுமக்குறது நாள் பூராவும். என் தோள்பட்டையை அறுத்துத் தச்சாங்களே, நீ ஒரு தடவையாவது எப்படி இருக்குன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "உன் முட்டி வேற இப்படி ஆயிருச்சு. இந்த வருஷம் கெல்வின் வரட்டும்னு நெனைக்கிறேன். படகுல ரெண்டு பேருக்குத்தானே இடம்."

எங்கள் வேட்டையில் துப்பாக்கியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூஸ் மான் விழுந்ததும் ஒருவன் குனிந்து அறுப்பான், மற்றவன் அவன் முதுகுக்குக் காவல் நிற்பான். ரத்த வாடைக்குக் கரடி வரும். அறுக்கிறவனின் ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும், அது எட்டாது. அவனுக்கு இருப்பது நெஞ்சில் கட்டிய ரிவால்வரும் பின்னால் நிற்கிற ஆளும்தான். இருபத்தாறு வருஷம் ரோஸ்கோவின் பின்னால் நின்றவன் நான். அந்த இடம்தான் என் கையைவிட்டுப் போகிறது.

"தோட்டா மட்டும் நீதான் போட்டுத் தரணும். கனமான குண்டா, அம்பது," என்றான் ரோஸ்கோ. "கடைச் சரக்கை நம்ப மாட்டேன்."

வீட்டுப் பட்டறையில் பித்தளைக் கூட்டில் மருந்தடைத்து, குண்டு செருகிப் போட்டுக் கொடுத்தேன். எப்படிப் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

லேசான துப்பாக்கி கனமான குண்டைச் சுட்டால் பேயாக உதைக்கும். அந்த உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் பித்தளைக் கூட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். ஒன்று நீட்டிக்கொண்டாலும் போதும், தோட்டா இருக்கும் உருளை சுற்றாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். அதனால் கூட்டின் வாயைக் குண்டின்மேல் நன்றாக நெரித்து இறுக்க வேண்டும். தோட்டா போடுகிற எவனும் இதை மறக்க மாட்டான். நான் மறக்கவில்லை. இறுக்காமல் விட்டேன்.

கொல்ல நினைக்கவில்லை. புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் இங்கே எவனும் காட்டுக்குப் போக மாட்டான். சனிக்கிழமை, ஊரார் சுட்டுப் பழகும் சரளைக் குழியில் சுடுவார்கள், மூன்றாவது வெடியில் பூட்டிக்கொள்ளும், பழி லேசான துப்பாக்கிமேல் விழும், கெல்வின் மூஞ்சி தொங்கும், ரோஸ்கோ என் கதவைத் தட்டுவான். அவ்வளவுதான் என் கணக்கு.

சனிக்கிழமை காலை வேடிக்கை பார்க்கச் சரளைக் குழிக்குப் போனேன். மத்தியானம்வரை ஒருவரும் வரவில்லை. லொரெய்ன் கடைக்குப் போய் விசாரித்தேன்.

"அவங்க இன்னைக்கே கிளம்புறாங்களே. ஆத்துல தண்ணி இறங்குதாம்."

"சுட்டுப் பார்க்காமலா?"

"கெல்வின் அதைத்தான் கேட்டான். ரோஸ்கோ சிரிச்சான். 'ஹார்லன் போட்ட தோட்டாவை நான் என்னத்தைச் சோதிக்கிறது'ன்னான்."

வீட்டுக்கு ஓடி, அதே ரக என் துப்பாக்கிக்குப் போட்டு வைத்திருந்த தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு படகுத் துறைக்கு வண்டியை விரட்டினேன்.

படகு தண்ணீரில் இருந்தது. முன் இருக்கையில், நான் வெட்டிப் போட்ட மெத்தையில் கெல்வின் உட்கார்ந்திருந்தான்.

"வழியனுப்ப வந்தீங்களா பெரியவரே?"

"நீ சும்மா இரு. ரோஸ்கோ, அந்தத் தோட்டாவைக் குடு."

"ஏண்டா?"

"வாயை இறுக்கலை."

"நீயா? மறந்துட்டியா?"

ஆமாம் என்றிருக்கலாம். வயசாகிவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பான். ஆனால் என்னால் முடியவில்லை.

"மறக்கலை. வேணும்னேதான். குழியில பூட்டிக்கும், உன் முன்னாடி இவன் அசிங்கப்படுவான்னு நெனச்சேன். நீ சுட்டுப் பார்க்காம போவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கெல்வின் வாயைத் திறந்தான், ரோஸ்கோ கையைக் காட்டியதும் மூடிக்கொண்டான். ரோஸ்கோ உருளையைத் திறந்து ஆறு தோட்டாவையும் என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகப் போட்டான். மீதிப் பெட்டியையும் கொடுத்தான்.

என் பெட்டியிலிருந்து ஆறு தோட்டா நிரப்பி, ஆள் இல்லாத எதிர்க்கரை மேட்டில் ஐந்து சுட்டான். ஒவ்வொரு உதைக்கும் அவன் தோள் சுருங்கியது. ஆறாவதை வெளியே எடுத்துப் புதுத் தோட்டா ஒன்றோடு சேர்த்துப் பிடித்து நீளம் பார்த்தான். குண்டு நழுவவில்லை.

"கிளம்பலாம்," என்று கெல்வினிடம்தான் சொன்னான்.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "டேய் கெல்வின், கேட்டுக்கோ. அவன் அறுக்கும்போது நீ மேட்டுப் பக்கம் நில்லு. கறியைப் பார்க்காதே, அவனைப் பார்க்காதே. புதரை மட்டும் பாரு. பேசாதே. அவன் பேச்சுக் குடுப்பான், அப்பவும் பேசாதே."

அந்தப் பயல் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். "மேட்டுப் பக்கம்," என்று முணுமுணுத்தான். என் இருபத்தாறு வருஷம் அவன் நோட்டில் இரண்டு வரி.

கெல்வின் துடுப்புப் போட, படகு நகர்ந்தது. ரோஸ்கோ நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் என் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து அதன் வாயை நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போட்ட தோட்டாவை அவன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஆறு வளைகிறவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.