மாடில்லாத தொழுவம்

வேலையிடத்தில் அவளுக்குத் தொட்டிக்காரி என்று பெயர். ஆளுயரத்தைவிடப் பெரிய எஃகுத் தொட்டி. உள்ளே இளஞ்சிவப்புக் கரைசலில், எப்போதோ ஒரு வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் பெருகிக்கொண்டிருக்கும். கொஞ்சம் சூடு ஏறினாலும் ஆகாது, காற்று குறைந்தாலும் ஆகாது. பச்சைப்பிள்ளையைப்போல் பார்த்து வளர்த்து, செழித்து நிற்கிற நேரத்தில் கோமாரி வைரஸை உள்ளே விடுவார்கள். செல்கள் சாகும், வைரஸ் பெருகும். பிறகு அந்த வைரஸையும் கொன்றால் மாட்டுக்குத் தடுப்பூசி. பாவ புண்ணியம் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

அங்கே ஒரு விதி உண்டு. தொட்டி அறைக்குள் போனவர்கள் குளித்து, உடை மாற்றி வெளியே வந்தாலும் ஒரு வாரத்துக்கு எந்த மாட்டின் பக்கமும் போகக்கூடாது. மூக்கில், தொண்டையில் கிருமி ஒட்டிக்கொண்டு வரலாம். மாட்டைக் காப்பாற்றுகிறவள் மாட்டைத் தொடக்கூடாது. இதைவிடக் கூத்து என்ன வேண்டும்?

இந்தக் கூத்து அம்மாவிடம் எடுபடவில்லை. அம்மாவின் வீட்டை ஒட்டியே தொழுவம். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விடுப்பு கிடைக்காத மகள், வந்தால் சாலையோரம் நின்று பேசிவிட்டுப் போவாள். "மகாராணிக்குச் சாணி நாத்தம் ஆகலை" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இதே அம்மாதான், மகளின் கல்யாணத்தன்று சிவப்பி கன்று போடப்போகிறது என்று சாப்பிடாமல்கூட வீட்டுக்கு ஓடியவள்.

அந்த அம்மா தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

"இப்பதாம்மா தொட்டியில வைரஸ் விட்டிருக்கோம். உடனே வர முடியாது" என்றாள் மகள் போனில்.

"நான் தொட்டியா இருந்திருந்தா வந்திருப்ப" என்று அம்மா வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பேசவே இல்லை. தம்பி போனைக் காதில் வைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். இந்தக் கோபத்தோடேயே அம்மா போய்விட்டால் என்ன செய்வது? தொட்டியின் அளவுமானியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். கண் கலங்கியதில் எண் தெரியவில்லை.

தொட்டியைக் காலி செய்த அன்று தம்பி கூப்பிட்டான். "அக்கா, அம்மா உன்னை வரச் சொல்லுது."

மறுநாள் போனாள். வழக்கம்போல் சாலையோரமே நின்றுகொண்டாள்.

"உள்ள வாக்கா" என்றான் தம்பி.

"தொழுவம் இருக்கேடா."

"நல்லாப் பாரு."

முளைகளில் கயிறு இல்லை. கழுவிவிட்ட தரை காய்ந்து கிடந்தது.

"மாடெல்லாம் மாமா வீட்டுக்கு ஓட்டியாச்சு. மாட்டு டாக்டர் ஊசி போட வந்தாரு. நீ சொல்ற ஒரு வாரக் கணக்கு நெசமான்னு அவர்கிட்ட அம்மா துருவித் துருவிக் கேட்டுச்சு. நானும் ஒரு வாரம் மாமா வீட்டுப் பக்கம் போகக்கூடாதாம், உத்தரவு."

சிவப்பியை ஒரு ராத்திரி பிரிந்திருக்காத அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மாடுங்களை எப்பத் திருப்பி ஓட்டிட்டு வரலாம்?"

"நான் கிளம்பினப்புறம் எல்லாத்தையும் கழுவிட்டு, ஒரு வாரம் போகட்டும்மா."

"நீ கிளம்பினதுலேர்ந்துதானே கணக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப அதுங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றாள் அம்மா. "நீ மெதுவாவே கிளம்பு."