‘வ’ என்றால் வலது

ஏழுமலையின் கார் வருகிறது என்பது, அது புளத்கொகுபிட்டிய ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பும் முதல் வளைவிலேயே லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். குழியின் அதிர்ச்சியைத் தாங்கும் முன்பக்கத்து ஷொக் இரண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்து எவ்வளவோ காலமாயிற்று. ஒவ்வொரு குழியிலும் ‘டமார், கடகட’ என்று அது போடும் கூச்சலுக்குத் தொட்டிலில் தூங்கும் பிள்ளைகள் வீறிட்டு அழும். அதை வாடகைக்குப் பிடித்துக் கேகாலை ஆஸ்பத்திரிக்கு ஹயர் போகிறவர்கள், போகும்போது இல்லாத இடுப்பு வலியோடு திரும்பி வருவார்கள். எல்லோரும் திட்டித் தீர்த்த அந்தச் சத்தத்தைக் காதலித்த ஒரே பிறவி, ஏழுமலையின் மனைவி சுமித்ரா.

காரணம் கருவாடு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லாவிட்டால் பாவம், அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். போன வருஷம் ஏழுமலை ஐயப்பனுக்கு மாலை போட்டுச் சபரிமலை போய் வந்தார். ஊரில் நாலு பேர் போய் வந்தார்கள். வந்த மறுநாளே மூன்று பேர் கோழிக் குழம்பு வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் மாலையைக் கழற்றினாரே தவிர விரதத்தைக் கழற்றவில்லை. “இனிமே இந்த வீட்டு அடுப்புல கவிச்சி ஏறக்கூடாது” என்று சட்டம் போட்டுவிட்டார். மலை ஏறியது அவர், நாக்கைக் கட்ட வேண்டியது இவளா? கட்டா கருவாட்டை நெருப்பில் வாட்டி, பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து சோற்றோடு பிசைந்து தின்று வளர்ந்த உடம்பு அது. பூசணிக்காயைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது.

அப்போதுதான் கார் கைகொடுத்தது. முதல் வளைவில் ‘டமார்’ கேட்டதிலிருந்து வாசலுக்கு வந்து நிற்பதற்குள் ஒரு சுளகு அரிசியைப் புடைத்துவிடலாம். அதற்குள் சட்டி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா அக்காவின் கைக்குப் போய்விடும். ஜன்னல் திறக்கும். சாம்பிராணி புகையும். கணவர் உள்ளே வரும்போது சுமித்ரா ஐயப்பன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பாள். “எம் பொண்டாட்டிக்கு என்ன விட பக்தி” என்று ஏழுமலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சொகுசில்தான் மண் விழுந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, ஏழுமலை டிக்கியைத் திறந்து ஸ்பிரிங்கோடு சேர்த்து இரண்டு ஷொக்கைத் தூக்கி வெளியே வைத்தார்.

“கேகாலயில முக்தார் நானா கடையில எடுத்தேன். பழசுதான், ஆனா சாமான் கல்லு மாதிரி. நாளைக்கு நானே மாட்டிருவேன். அப்பறம் பாரு, வண்டி வாறதே தெரியாது!”

வண்டி வருவதே தெரியாது. இனிச் சட்டி எப்படி வேலி தாண்டும் என்று சுமித்ரா யோசித்தாள்.

“கராஜுக்குக் கொண்டு போனா என்னாங்க?” என்று கேட்டுப் பார்த்தாள். கராஜ்காரர் எப்போதும் வேலையை இழுத்தடிப்பார். கொஞ்ச நாளாவது பிழைத்துக்கிடக்கலாம்.

“எதுக்கு கராஜு? யூடியூப்ல எல்லாம் பாத்து வச்சிருக்கேன்.”

“நாளைக்கு ராகு காலம் இருக்கே…”

“ஞாயித்துக்கெழம ராகு காலம் சாயங்காலந்தான். நான் காலையிலயே முடிச்சிருவேன்.”

ஐயப்பன் பக்தரிடம் ராகு காலம் பேசப் போனது அவள் தப்புத்தான். ராத்திரியே பெரிய ஸ்பேனரை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துப் பார்த்தாள். காலையில் அவர் வேலிக்கு மேலால் எட்டி, சுப்பம்மா வீட்டிலிருந்தே இன்னொன்றை வாங்கிவிட்டார். கொடுத்த சுப்பம்மாவைச் சுமித்ரா ஒரு முறை முறைத்தாள். “கேட்டாரு, குடுத்தேன். நான் என்னாத்த கண்டேன்?” என்று அக்கா கையை விரித்தாள்.

வேலை தொடங்கியது. பின் வீல்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி, கீழே தடித்த றப்பர் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். வீலைக் கழற்றினார். துருப்பிடித்த போல்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்து, முருகா என்றும் ஐயப்பா என்றும் இரண்டு சாமியையும் மாறி மாறிக் கூப்பிட்டுக் கழற்றினார். பொனட்டுக்கு உள்ளே மேல் நட்டைக் கழற்றும்போது, ஷொக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் பாக்கியம் சுமித்ராவுக்குக் கிடைத்தது. தன் காவல் தெய்வத்தைத் தன் கையாலேயே இறக்கி வைக்கிறோமே என்று அவள் மனதுக்குள் புலம்பினாள்.

இரண்டு பழசும் வெளியே வந்தபின், ஏழுமலை புதிதாக வாங்கியவற்றைப் புரட்டிப் பார்த்தார். கடையில் வேலை செய்யும் சிங்களப் பையன் வெள்ளைப் பெயின்டால் சிங்களத்தில் ஒன்றில் ‘வ’ என்றும் மற்றதில் ‘த’ என்றும் எழுதியிருந்தான்.

ஏழுமலை சிங்களம் பேச ஆரம்பித்தால் சிங்களவனே வாயைப் பிளப்பான். ஆனால் வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான்.

“வ-ன்னா வலது” என்றார், யோசிக்காமலேயே.

“அப்ப மத்தது?”

“த… இடது-ல கடைசியா ‘து’ வருதுல்ல? அதான்.”

வலதிலும் கடைசியில் ‘து’தானே வருகிறது என்று சுமித்ரா கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேகாலையில் துணிக்கடையில் வேலை பார்த்தவள். சிங்களத்தைத் தண்ணீராக வாசிப்பாள். ‘வ’ என்றால் ‘வம’, இடது. ‘த’ என்றால் ‘தகுண’, வலது. நாள் முழுக்க மற்ற வண்டிக்காரர்களிடம் “வமட்ட, தகுணட்ட” என்று ரோட்டில் கத்துகிற மனுஷன், சொந்த வாசலில் காலை வைத்ததும் முழுத் தமிழனாக மாறிவிட்டார். மாற்றி மாட்டினால் பொருந்தாது, பொருந்தாவிட்டால் வெறுத்துப்போய்ப் பழசையே திருப்பி மாட்டுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள்.

“சரியாத்தான் சொல்றீங்க. வ-ன்னா வலதுதான்.”

ஆனால் அந்தப் பாழாய்ப்போன சாமான் பொருந்தியது! இரண்டு பக்கமும் போல்ட் அழகாக ஏறிவிட்டது. ஒரே ஒரு குறை. ஷொக்கில் ஒரு கறுப்பு றப்பர் குழாயைச் செருகிப் பிடித்துவைக்கும் தகடு ஒன்று உண்டு. அது இருக்கவேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

“பழைய சாமான்ல இப்பிடித்தான் ஒன்னு ரெண்டு கோணலா இருக்கும்” என்று ஏழுமலை குழாயை இழுத்துக் கம்பியால் கட்டினார். பிறகு உள்ளே ஏறி ஸ்டியரிங்கை ஒடித்தார். வெளியே நின்ற சுமித்ராவின் கண்ணெதிரே குழாய் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது.

“என்னங்க, இந்தக் குழாயில என்னா போகுது?”

“பிரேக் ஒயில். நீ ஒன்னும் பயப்படாத, கட்டி இருக்குல்ல. வீலப் போட்டுட்டு அப்பிடியே டவுனுக்கு ஓட்டிப் பாத்துட்டு வந்திருவேன்.”

டவுனுக்கு என்றால் இறக்கம், அந்த வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். நடுவில் குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும். கருவாடு பெரிதா, புருஷன் பெரிதா? ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம்தான், சுமித்ரா யோசித்தாள். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாள்.

“வம!”

“என்னா?”

“‘வமட்ட ஹரவன்ன’ன்னு வண்டியத் திருப்பச் சொல்லிக் கத்துவீங்களே, அந்த வம! அது வலது இல்லீங்க, இடது! மாத்தி மாட்டிட்டீங்க, இறங்குங்க!”

ஏழுமலை இறங்கி வந்தார். எழுத்தைப் பார்த்தார். கிரீஸ் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். விபூதிக்கு மேலே கறுப்பாக இன்னொரு பட்டை விழுந்தது. பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“ஒனக்கு இது எப்பத் தெரியும்?”

“எழுத்தப் பாத்தப்பவே.”

“ஏன் புள்ள சொல்லல?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குழாய் விறைத்து நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அழுகையும் சேர்ந்து வர, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “கருவாடுங்க. நீங்க வாற சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒளிச்சு வைக்க முடியும். சத்தம் போயிட்டா நான் எப்பிடித் திங்கிறது?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சுப்பம்மா அக்கா சட்டென்று உட்கார்ந்து மறைந்தாள்.

ஏழுமலை வீட்டுக்குள் ஐயப்பன் படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப அந்தச் சாம்பிராணி?”

“அதுவும் அதுக்குத்தான்.”

கருவாட்டை விட அதுதான் அவரைச் சுட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. குனிந்தார். இரண்டையும் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினார். சுமித்ரா கேட்காமலேயே கீழே பிடித்துக்கொண்டாள். தகடு இப்போது சரியான பக்கம் பார்த்தது. குழாய் தளர்வாக வந்து உட்கார்ந்தது. வீலைப் போட்டு, வண்டியை இறக்கி, கட்டையை எல்லாம் ஒதுக்கினார். கையைக் கழுவினார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் திரும்பியும் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் போனதே தெரியவில்லை. சண்டாளப் பெட்டி, பூனை மாதிரி போனது.

“என்னாடி சொன்னாரு?” என்று சுப்பம்மா அக்கா எழும்பி வந்தாள்.

“ஒன்னும் சொல்லலக்கா. அதான் பயமா இருக்கு.”

“ஒரு துண்டு வாட்டுவோமா? மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

“வேணாம். எந்நேரம் வந்து நிப்பாரோ, யாரு கண்டா?”

கருவாட்டுப் பொட்டலம் அரிசி வாளிக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. சுமித்ரா படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தாள். பசியும் எடுத்தது, அழுகையும் வந்தது. இனி இந்த வீட்டில் பூசணிக்காயோடுதான் சீவியம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

அப்போது கீழே, முதல் வளைவில், ஹோர்ன் கேட்டது. நீளமாக ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அதற்கப்புறம் எஞ்சின் சத்தமும் இல்லை, ஆளையும் காணவில்லை. யாரோ வேண்டுமென்றே வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

சுப்பம்மா அக்கா கையை நெற்றியில் வைத்து எட்டிப் பார்த்தாள். “ரோட்டுல ஒரு மாடு கூட இல்லையே. இந்த மனுஷன் யாருக்கு ஹோர்ன் அடிக்கிறாரு?”

சுமித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எனக்குத்தான்க்கா” என்றாள். பிறகு குளிர்ந்துகிடந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அடிப்பாவி, ஒரு துண்டாவது வாட்டியிருக்கலாமே!”