பன்றி பிடிக்கும் பதவி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சம்பளத்துக்கு வரி இல்லை, கடையில் வாங்கும் பொருளுக்கும் வரி இல்லை. இருப்பது வீட்டு வரி மட்டும். அதையும் மார்ச் மாதத்தில் பள்ளிக்கூட ஹாலில் கூடி, கை தூக்கி நாங்களே முடிவு செய்வோம். அப்படியும் அரசாங்கம் ஊதிப் பெருத்துவிட்டது என்பது எல்வுட் மாமாவின் கவலை.

தெருவில் திரியும் பன்றியைப் பிடிக்க ஊரில் ஒரு பழைய பதவி உண்டு. அந்த வருடம் கல்யாணமான ஜோடிக்குக் கேலியாகக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. பன்றியும் கிடையாது. அதை ஒழிக்க இருபது வருடமாக மாமா தீர்மானம் கொண்டுவருகிறார், தோற்கிறார். ஐம்பத்தாறு வயது வரை கல்யாணமாகாதவரின் வயிற்றெரிச்சல் என்பாள் அம்மா.

இந்த மார்ச்சில் சிக்கல் வேறு. நூலகக் கூரை ஒழுகியது. சரிசெய்ய வரியை ஏற்றும்படி கேட்டவர் நூலகர் ஒடெட் என்ற பெண்மணி. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் மாமா பான்கேக் சாப்பிடுவது அவரோடுதான்.

“மாமா, இன்னிக்கு மட்டும் வாயத் திறக்காதீங்க,” என்றேன் ஹாலில்.

“ஏன்டா, ஒரு பான்கேக்குக்காக கொள்கைய விக்கணுமா?”

“மேப்பிள் பாகோட மாமா.”

எழுந்தே விட்டார். “நம்ம வெர்னா பாட்டி பென்ஷன்ல காலம் தள்ளுது. அது வாசல்ல போய் உண்டியல் குலுக்கினா, முடியாதுன்னு சொல்லிடலாம். வரி போட்டா சொல்ல முடியுமா? கட்டலன்னா வீடே போயிடும். கை தூக்கறது நாம, கஷ்டப்படறது அது.”

“அப்ப மழை பெஞ்சா உங்க கொள்கை வந்து புத்தகத்துக்குக் குடை பிடிக்குமா, எல்வுட்?” என்றார் ஒடெட். ஹாலே சிரித்தது.

மாமாவின் காது சிவந்தது. “எங்கிட்ட கூரை ஓடு இருக்கு, ஏணி இருக்கு. பனி உருகட்டும், நானே ஏறறேன். இஷ்டப்பட்டவங்க வரட்டும்.”

வரி நான்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. பான்கேக்கும் நின்றது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை மாமா கூரையில் தனியாக இருந்தார். கீழே ஏணியைப் பிடித்தபடி நான்.

“ஒருத்தரும் வரல மாமா.”

“இஷ்டம்னா வராம இருக்கறதும்தான்டா,” என்றார். ஆனாலும் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார்.

பத்து மணிக்குள் பதினோரு பேர் சுத்தியலோடு வந்தார்கள். வெர்னா ஒரு பானை பீன்ஸ் கொண்டுவந்து, “எங்கிட்ட கேட்டிருந்தா குடுக்க மாட்டேனா?” என்று மாமாவை அண்ணாந்து பார்த்துத் திட்டினாள்.

கடைசியாக ஒடெட் வந்தார். என்னை விலக்கிவிட்டு ஏணியில் ஏறி, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு ஆணி அடித்தார்.

“அடுத்த மார்ச்ல பன்றிப் பதவிய ஒழிக்கணும்னு எழுந்திருக்காதீங்க.”

“அது யாருக்கும் உதவாத பதவி, ஒடெட்.”

“நமக்கு வேணும்.”

மாமாவின் சுத்தியல் சரிந்து என் காலருகே விழுந்தது. 

“சம்பளம் இல்லதானே?” என்று மாமா கேட்பது என் காதில் விழுந்தது.

“ஒரு காசு இல்ல.”

“அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல.”