கேமராவுக்குக் குடை

"ஏம்மா, மாப்ள வெயில்ல காயறான். நீ கேமராவுக்குக் குடை புடிச்சிகினு கீற" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மாப்ளக்கு பவுடர் போட்டுகீதும்மா, கேமராவுக்கு ஒண்ணும் போடல" என்றான் ஜெயப்பிரகாஷ். குடையைப் பிடித்திருந்த அவன் மனைவி யோகலட்சுமியும் சிரித்துவிட்டாள். அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்துக்கொண்டான். அவள் பல் தெரியச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

முகூர்த்த நாளில் திருத்தணி மலையில் நிற்க இடம் கிடைக்காது. தாலி கட்டி இறங்குகிற ஜோடி ஒரு பக்கம், ஏறுகிற ஜோடி ஒரு பக்கம், நடுவில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள். ஜோடியை வெளியே கொண்டுவந்து கோபுரம் தெரிய நிறுத்தினால் காலை வெயில் நேராக லென்ஸில் அடிக்கும். மற்ற போட்டோக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. இவனுக்கு மட்டும்தான் குடை.

போன வருஷம் ஆனி மாதம் யோகலட்சுமியின் தம்பி அருண்பாண்டியன் இறந்துபோனான். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ட்யூட்டி முடிந்து பைக்கில் வந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. ஜெயப்பிரகாஷே சமைத்தான், துவைத்தான். அவள் தலைமாட்டில் வைக்கிற டீ ஆடை படிந்து அப்படியே கிடக்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் தூங்கினாள்.

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தால் வாசலில் கோலம். உள்ளே தரை ஈரமாக இருந்தது. யோகலட்சுமி தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் துலக்கிய விளக்குகளை வரிசையாக வைத்திருந்தாள். அந்த வரிசையின் கடைசியில் அவனுடைய லென்ஸ் இருந்தது, கண்ணாடியின் நடுவில் சந்தனம், குங்குமத்தோடு.

"பாவா, இதுக்குள்ள நூலு நூலா அழுக்கு. புளி வேணாம்னு வெறும் விபூதில தேச்சேன். பாரு, எப்டி பளபளன்னு கீது."

அவள் நூல் என்றது பூசணம். மெட்ராஸில் பழைய சாமான் கடையில் வாங்கும்போதே லென்ஸுக்குள் ஓரமாக வேர்விட்டிருந்தது. படத்தில் தெரியாது. அதனால்தான் அவன் கைக்கு எட்டுகிற விலைக்கு வந்தது. முகம் எடுக்க அதைப் போல ஒன்று இந்த ஊரில் யாரிடமும் இல்லை. அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். உள்ளே பூசணம் அப்படியே இருந்தது. வெளிக்கண்ணாடியில் மேல்பூச்சு போய், எவர்சில்வர் தட்டில் தெரிவதைப் போல வட்ட வட்டமாகப் பொடிக் கீறல்கள்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆங், நல்லாகீது" என்றான்.

அன்றைக்கு அவள் தானாகச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ரசம் கூட ஊற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் பை எடுத்துவைக்கும்போதெல்லாம் "நான் தேச்ச லென்ஸ வெச்சிகினியா?" என்று கேட்டாள். அவனும் வைத்துக்கொண்டான். லேசாக வெயில் பட்டாலே படம் முழுக்கப் பால் கொட்டினது போல வெளுத்தது. பள்ளிப்பட்டில் ஒரு பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு "இன்னாபா, பொகைக்குள்ள எடுத்தாப்ல கீது" என்றார். ஓமப் புகை என்று சொல்லிச் சமாளித்தான். லென்ஸ் முனையில் வெயில் மறைக்கிற வளையம் மாட்டியும் பார்த்தான், போதவில்லை. குடை பிடித்தால் பாதிக்கு மேல் சரியாகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"மலைக்கு வரியா யோகா? எனக்கு வெயில்ல மண்ட காயுது. குடை புடிக்க ஆள் இல்ல."

வந்தாள். முதல் நாள் யாரிடமும் பேசவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பூ சரிசெய்துவிட்டாள். அப்புறம் அவளே நாள் கேட்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை அத்தை கிண்டல் செய்த அன்று, வேலை முடிந்து அடிவாரத்து டீக்கடையில் நின்றார்கள். தணிகைமணியும் வந்து சேர்ந்தார். அவரும் போட்டோக்காரர். அடுத்தவன் கேமராவைக் கேட்காமல் எடுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். லென்ஸைத் திருப்பியவர், விளிம்பு இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாக வந்ததை மோந்து பார்த்தார்.

"விபூதிபா இது. எவன் இத தேச்சது? குத்துவிளக்குனு நெனச்சிகினானா? இதுக்குத்தான் குடையா! கண்ணாடி போச்சு, தூக்கிப் போடு."

"வாங்கும்போதே அப்டிதாம்பா இருந்திச்சி."

"இன்னா அப்டிதான்? போன வருசம் நான்தான பாத்தேன். பூசணம் மட்டும்தான் இருந்திச்சி."

யோகலட்சுமி பாதி டீயோடு கிளாஸைப் பலகையில் வைத்தாள். ஜெயப்பிரகாஷ் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். டீயின் மேல் ஆடை படிய ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவன் ஒரு லூசு, யோகா. அவன் பேச்ச எடுத்துகினு..." என்றான். எத்தனையோ பொய்யை எளிதாகச் சொன்னவனுக்கு அதற்கு மேல் ஒன்று கிடைக்கவில்லை. தணிகைமணி மேல் கோபம் வந்தது. அந்த ஆள் என்ன செய்வார், உள்ளதைத்தானே சொன்னார் என்றும் தோன்றியது. மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

மறுநாளும் முகூர்த்தம். காலையில் டீ போட்டு அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அசையவில்லை. குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் இனி வரமாட்டாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

தாலி கட்டி முடிந்து ஜோடியை வெளியே நிறுத்தும்போது வெயில் கோபுரத்தைத் தாண்டி வந்துவிட்டது. லென்ஸை மாற்றிவிடலாம். இனி யார் கேட்கப்போகிறார்கள்? பைக்குள் கைவிட்டவன் மாற்றாமலே கையை எடுத்தான். ஒரு படம் எடுத்துப் பார்த்தான். பொண்ணு முகம் தெரியாமல் வெளுத்தது. இரண்டு அடி தள்ளி நின்று எடுத்தான். அதுவும் அப்படித்தான். "சீக்கிரம்பா, ராகு காலம் வந்துரும்" என்று யாரோ கத்தினார்கள்.

மறுபடி கண்ணை வைத்தபோது பொண்ணின் முகம் திடீரென்று தெளிந்து வந்தது. மூக்குத்திக் கல் வரை தெரிந்தது.

பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு யோகலட்சுமி நின்றிருந்தாள். நேற்றைய சேலைதான், தலை வாரவில்லை. இத்தனை நாளும் அவன் தலைக்கும் தன் தலைக்குமாகப் பிடிப்பவள், இன்றைக்குக் கையை முழுக்க நீட்டிக் குடையை முன்னால் கொண்டுபோயிருந்தாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிகீலாம் இல்ல" என்றாள், ஜோடியைப் பார்த்தபடியே.

மாப்பிள்ளையைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கும்படி கையைக் காட்டினான்.

"சாச்சது போதுமா பாவா?"

"இன்னும் கொஞ்சம்."

சாய்த்தாள். குடையின் நிழல் சரியாகக் கண்ணாடி மேல் விழுந்தது. அவள் நெற்றி, கண், வியர்த்த கழுத்து எல்லாம் வெயிலில் இருந்தன.