பெருநாள் உடுப்பில் ஒரு படம்

டிலுசா அக்கா எங்கள் கரையில் பிறந்தவர்தான். ஆனால் ஐந்து வயதில் கனடாவுக்குப் போனதில், எங்கள் ஊரில் படத்துக்கு எப்படி நிற்பார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

கடல் வந்து எங்கள் வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு நாங்கள் முள்ளியவளையில் தகரக் கொட்டில்களில் இருந்தோம். எங்களுக்கு மாலை வகுப்பு நடத்தியது, டொரொன்டோவில் அக்காவும் பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் தொடங்கிய சங்கம். ஆசிரியரின் சம்பளமும் கொப்பிகளும் அங்கிருந்துதான் வந்தன. டிசம்பரில் எங்களுக்குச் சோதனை. ஓகஸ்டில் அக்கா கமராவுடன் நேரே வந்து இறங்கினார்.

"அங்க ஒரு விருந்து வைச்சுக் காசு சேர்க்கப்போறம். உங்கட படத்தைப் பார்த்தால்தான் சனம் தரும். இல்லாட்டி வகுப்பு நிண்டுடும். நாளைக்கு எப்பிடி இருக்கிறீங்களோ, அப்பிடியே வாங்கோ," என்றார்.

படம் எடுக்க அப்படியே போவதா? நல்ல கதை! மறுநாள் எல்லோரும் பெருநாள் உடுப்பில் போய் நின்றோம். நான் அப்பிய பவுடரில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. என்னோடு படிக்கிற டினோஜன் யாருடையதோ சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டு, நடக்க முடியாமல் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஐயோ, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள். இதைப் பார்த்து ஆர் காசு தருவினம்? போய்ப் பழசை மாத்திக்கொண்டு வாங்கோ."

ஒருவரும் அசையவில்லை. டினோஜனின் தாய் அருளம்மா மாமி, முழங்காலில் கிழிந்திருந்த அக்காவின் ஜீன்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, கனடாவில தைக்கிற ஆக்கள் இல்லையோ? பாவம், முதல்ல உமக்குத்தான் காசு சேர்க்கவேணும்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "வகுப்பு நிண்டால் இவன்ரை சோதனை என்ன ஆகிறது மாமி?"

"நிக்கக்கூடாதுதான்." மாமியின் குரல் இறங்கியது. "ஆனால் பிள்ளை, வீட்டில இருந்த படமெல்லாத்தையும் கடல் கொண்டு போட்டுது. மூத்தவனையும் கொண்டு போட்டுது. அவன்ரை முகத்தைப் பார்க்க என்னட்டை ஒரு படம் இல்லை. இவனெண்டாலும் வடிவா நிக்கட்டும்."

அக்கா டினோஜனின் இரவல் சப்பாத்தை ஒருமுறை பார்த்தார்.

"சரி மாமி. இந்தப் படம்தான் டொரொன்டோவுக்குப் போகும். தராத ஆக்களோட நான் சண்டை பிடிக்கிறன்," என்று கமராவைத் தூக்கினார். யார் யாருடன் சண்டை பிடித்தாரோ, எங்கள் வகுப்பு சோதனை வரை தடையில்லாமல் நடந்தது.

ஒவ்வொருவராய்ப் போய் நின்றோம். சப்பாத்துக் கடித்ததில் டினோஜன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். "சிரியடா," என்றார் மாமி. சிரித்தான். கமராவின் சின்னத் திரையில் மாமி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வவுனியாவில படம் கழுவேக்கை இதில ரெண்டு எடும் பிள்ளை."

"ரெண்டு எதுக்கு மாமி?"

"ஒண்டு இவன்ரை. மற்றது எனக்கு. சிரிச்சால் இவன் அச்சு மூத்தவன்தான்."