மிஸ் என்று கூப்பிடாத வகுப்பு

கரிக்கலாம்பாக்கத்துக்கு வெளியே வயலை மேடாக்கி மனை போட்டபோது முதலில் வீடு கட்டியவள் இளவரசி. சீக்கிரமே அக்கம்பக்கம் நிறைந்துவிடும் என்று மனை விற்றவர் சொன்னதை நம்பினாள். எல்லா மனையும் விற்றுப்போயிற்று. கட்டத்தான் யாரும் வரவில்லை. எல்லைக்கற்களுக்கும் கோரைப்புல்லுக்கும் நடுவே அவள் வீடு ஒன்றுதான் நின்றது. அவள் கல்யாணப் பேச்சு அம்மா இறந்ததோடு நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலைவரை வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அதற்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல இருந்தது அரசுத் தொடக்கப்பள்ளியில் அவளுடைய மூன்றாம் வகுப்பு.

"மிஸ், இன்னா எழுதணும்?"

"மிஸ், கோடு போட்டுட்டேன், அப்புறம்?"

"மிஸ், இவன் என் ரப்பரை எடுத்துக்கினான்."

தலை வலிக்கிறது என்று மற்ற டீச்சர்களிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் ஓடுவாள். தேதியை அவளே எழுதிக் கொடுப்பாள். நோட்டைத் திறந்து வைப்பாள். கணக்கில் முதல் வரியையும் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

ஆடி மாதத்தில் ஹேமலதா வந்தாள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இளவரசியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஸ்கூட்டியில் சுற்றுபவள். ஒரு காலை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கணக்கு இந்தப் புள்ளைங்களுக்கு வருது. எங்க ஆரம்பிக்கிறது, அடுத்தது இன்னா, தப்பாப் போனா இன்னா பண்றதுன்னுதான் தெரியல. அந்த யோசனையெல்லாம் நீங்களே பண்ணிடறீங்க."

"சின்னப் புள்ளைங்க மேடம்."

"இப்பவே பழகணும்க்கா. அதுக்குன்னு தனியா பீரியட் வேணாம், நடத்துற பாடத்துலயே செய்யலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, 'முதல்ல இன்னா செய்யப்போற, அதுக்கு இன்னா வேணும்'னு அதுங்க வாயாலயே சொல்ல வைங்க. முட்டிக்கினா இன்னொரு தரம் படிக்கட்டும், பக்கத்துல கேக்கட்டும். கடைசியாத்தான் உங்ககிட்ட வரணும். நீங்களும் உடனே பதில் சொல்லிடாதீங்க."

"எனக்கு வாய் நிக்காதே."

"கையைப் பின்னாடி கட்டிக்கங்க. வாய் தானா நின்னுடும்," என்று ஹேமலதா சிரித்தாள்.

முதலில் படாத பாடாக இருந்தது. எழிலரசன் பென்சிலை வீசிவிட்டு அழுதான். எடுத்துக் கொடுக்கப் போன கையை இளவரசி பின்னால் கட்டிக்கொண்டாள். ஹேமலதா மறுபடி வந்து, ஒரு கணக்கைத் தானே நடத்திக் காட்டினாள். எந்த இடத்தில் கேட்க வேண்டும், எங்கே சும்மா நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. எழிலரசன்கூட, தவறாகப் போட்டதை அழித்துவிட்டு, அழாமல் மறுபடி ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாலையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. இளவரசி நனைந்துகொண்டு நடந்து வந்தபோது முதல் பீரியட் முடியும் நேரமாகிவிட்டது. வகுப்பு ரெண்டுபட்டிருக்கும் என்று பதறி வந்தவள் வாசலிலேயே நின்றாள். மஞ்சுளா என்ற சிறுமி கரும்பலகையில் தேதியும் பாடமும் எழுதியிருந்தாள். எல்லோரும் நோட்டில் குனிந்திருந்தார்கள். ஒரு தலைகூட நிமிரவில்லை.

வேறு வழியாக ஸ்கூட்டியில் அப்போதுதான் வந்து சேர்ந்த ஹேமலதா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பாத்தீங்களாக்கா! மத்த டீச்சருங்ககிட்ட போய்ச் சொல்லப்போறேன்."

இளவரசியும் சிரித்தாள். புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றாள். உள்ளிருந்து இன்னும் யாரும் 'மிஸ்' என்று கூப்பிடவில்லை.

மறுநாள் ஹேமலதா சொன்னதை அவளே மீறினாள். "சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க, இன்னா?" என்று அறிவித்துவிட்டு வரிசை வரிசையாக நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மஞ்சுளா பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்து, "இங்க பாரு, இதைக் கழிச்சா..." என்று ஆரம்பித்தாள்.

மஞ்சுளா நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். "இருங்க மிஸ். நான் யோசிக்கிறேன்."

அந்த வாரம் ஹேமலதா கிளம்பும்போது இளவரசி ஸ்கூட்டி வரைக்கும் கூடவே போனாள்.

"வூட்ல என்னைக் கூப்பிட ஆள் இல்ல ஹேமா. இங்கதான் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கினு இருந்தாங்க. இப்ப அதுவும் இல்ல."

ஹேமலதா வண்டியைக் கிளப்பாமல் நின்றாள். "புள்ளைங்களுக்கு இன்னா செய்யணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்கக்கா. இதுக்கு யாரும் சொல்லித் தரல," என்றாள் கடைசியில். பிறகு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

செய்வதற்கு வேலையில்லாமல் நின்ற அந்த நாட்களில்தான் சுவரோரம் உட்காரும் ஒரு பெண் அவள் கண்ணில் பட்டாள். ஆதிலட்சுமி. முத்து முத்தாக எழுதுவாள், தொந்தரவே இல்லாத பிள்ளை. அவள் நோட்டை இளவரசி இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். பக்கத்துப் பெண் தவறாகப் போட்டு அடித்திருந்த விடையை, அடித்த கோட்டோடு சேர்த்து அப்படியே எழுதியிருந்தாள்.

இளவரசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தக் கணக்கைப் படிச்சுக் காட்டு."

ஆதிலட்சுமி தலை குனிந்துகொண்டாள். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. சேர்த்துப் படிக்க வரவில்லை.

"என்னை ஏன் கண்ணு நீ கூப்பிடவே இல்ல?"

"எல்லாரும் கூப்பிட்டுக்கினே இருந்தாங்க மிஸ்."

கணக்கைத் தானே படித்துச் சொல்லிவிட இளவரசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதல்ல இன்னா செய்யலாம், சொல்லு," என்றாள்.

வெகுநேரம் கழித்து ஆதிலட்சுமி முதல் சொல்லின் அடியில் விரலை வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பீரியட் அந்த பெஞ்சில்தான். ஆதிலட்சுமி அதிகம் பேசமாட்டாள். இளவரசியும் அவசரப்படுத்தவில்லை. சில நாள் ஒரே வரியில் பீரியட் போய்விடும். ஆனாலும் பக்கத்தில் ஒரு சின்ன உடம்பின் சூடு இருந்தது. விரல் நகர நகர முணுமுணுப்பு கேட்டது. இளவரசிக்கு அது போதுமாக இருந்தது.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம் ஒருநாள் ஆதிலட்சுமி ஒரு கணக்கைக் கடைசிவரை தானே படித்தாள். என்ன கேட்கிறார்கள் என்று முணுமுணுத்துப் பார்த்தாள். போட்டாள், ஒருமுறை சரிபார்த்தாள். அப்புறம் பக்கத்தைத் திருப்பி அடுத்த கணக்கில் விரலை வைத்தாள்.

இளவரசி சத்தமில்லாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அவள் எழுந்து போனதை ஆதிலட்சுமி கவனிக்கவில்லை.